முடிச்சுத் துண்டு எம்.எல்.ஏ.

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். அதற்கப்புறம் படித்ததெல்லாம், இஸ்திரி போட்ட துணியைச் சுற்றிக் கட்ட வாங்கிய பழைய வாரப் பத்திரிகைகளில்தான். தொடர்கதையில் பாதி என் வண்டியில் இருக்கும், மீதி யாருடைய சட்டையோடோ போயிருக்கும். நான் எழுதுவதும் அப்படித்தான் முன்னும் பின்னுமாக இருக்கும். மறதி வேறு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலகத்தில் எத்தனையோ எம்.எல்.ஏ.க்கள் இருந்திருப்பார்கள். ஆனால் ஒரு தொகுதியின் குறை அத்தனையையும் ஒரே துண்டில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு திரிந்த மனிதர் எங்கள் செஞ்சிக்காரர் ஒருவர்தான். எந்தக் கட்சி, எந்தத் தேர்தல் என்று கேட்காதீர்கள். பெயரும் வேண்டாம். ஊரில் அவருக்கு ‘முடிச்சுத் துண்டு’ என்றுதான் பெயர்.

கோட்டை மலை தெரிகிற தெருமுனையில் என் இஸ்திரி வண்டி. எதிர்ச்சந்தில் அவர் வீடு. வெள்ளைச் சட்டையும் வேட்டியும் என்னிடம்தான் வரும். கஞ்சி மொடமொடவென்று இருக்கவேண்டும். அவர் உட்கார்ந்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் கேட்கும்.

பழைய காலத்து ஆள். விளக்கு வைப்பதற்குள் பெண்கள் வீட்டுக்கு வந்துவிடவேண்டும் என்பார். பெண்கள் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். நான் இரண்டடி தூரத்தில் நிற்பேன், அவர் டிரைவர் ஏழுமலையைக் கூப்பிடுவார்.

“ஏழுமலை, அந்தம்மாவக் கேளு. சட்ட ரெடியா?”

ஏழுமலை என் பக்கம் திரும்புவான். “யக்கா, ஐயா கேக்குறாரு. சட்ட ரெடியா?”

எனக்கோ அவரைவிடக் கூச்சம். “ரெடின்னு சொல்லு தம்பி.”

“ஐயா, ரெடியாம்.”

ஒருநாள் ஏழுமலைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அன்றைக்கு ஐயா முந்தாநாள் சட்டையோடுதான் சட்டசபைக்குப் போனார்.

யார் வந்து எதைக் கேட்டாலும் எழுதிக்கொள்ளமாட்டார். பேப்பர் தொலைந்துபோகும், துண்டு தொலையாது என்பார். கேட்டவர் கண்ணெதிரிலேயே துண்டு நுனியில் ஒரு முடிச்சுப் போடுவார். “தோ, முடிஞ்சிக்கினேன். காரியம் ஆவாம இத அவுக்கமாட்டேன், போ.” கேட்டவர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அதிலும் ஒரு கணக்கு இருந்தது. வலது நுனி சாமிக்கும் பசுமாட்டுக்கும். இடது நுனி சனங்களுக்கு. பனமலைக் கோயிலுக்குப் போகிற வழியில் விளக்கு வேண்டும் என்று வலது நுனியில் ஒரு முடிச்சு விழுந்தது, அடுத்த மாதமே அவிழ்ந்தது. தேர் போகிற தெருவில் பள்ளம் என்றார்கள், பத்தே நாளில் அவிழ்ந்தது. இடது நுனியிலோ முடிச்சுக்கு மேல் முடிச்சாக ஏறிக்கொண்டே போனது. மூணு முழத் துண்டு சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் கைக்குட்டை அளவுக்கு வந்துவிட்டது. அந்தப் பக்கம் கனம் தாங்காமல் அவருடைய இடது தோள் ஓர் அங்குலம் இறங்கியிருந்ததாகக்கூட ஊரில் பேச்சு.

வாக்குத் தவறாதவர், அதையும் சொல்லவேண்டும். கோயில் தெருவில் இருந்த சாராயக் கடையை எடுப்பேன் என்றார், எடுத்தார். எங்கே வைப்பேன் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அது நேராக எங்கள் முனைக்கு வந்தது. குடித்துவிட்டு வருகிறவர்களுக்கு எதிர்ச்சுவர் முழுக்கச் சொந்தம்.

அந்த முனையில் நாங்கள் ஒன்பது பெண்கள் பிழைத்தோம். கொய்யாப்பழம், பூ, வேகவைத்த வேர்க்கடலை, கீரை, என் இஸ்திரி. ஆண்களுக்கு ஒதுங்கச் சுவர் இருந்தது. எங்களுக்கு முன்பெல்லாம் பாறை மறைவு இருந்தது. பிறகு அங்கே வேலி வந்தது, கோட்டை பார்க்க வருகிறவர்கள் கேமராவோடு வந்தார்கள். அதற்குப்பின் எங்களுக்கு ஒரே வழிதான்: காலையில் கடை விரித்தால் பொழுது சாயும்வரை ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பதில்லை. கரி கனலும் இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற எனக்கு அது எப்படி இருக்கும் என்று எழுதத் தெரியவில்லை. சொன்னாலும் கூச்சம்.

கொய்யாப்பழம் விற்ற செல்விக்குத்தான் முதலில் உடம்பு கெட்டது. முகம் வீங்கி, கால் வீங்கி, டாக்டரிடம் போய்வந்தாள்.

“இன்னா சொன்னாரு செல்வி?”

“நெறய தண்ணி குடிக்கணுமாம் யக்கா.”

“குடியேன்.”

“குடிச்சுட்டு? உன் இஸ்திரி வண்டிக்கு அடிலயா குந்துறது?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் ஐயா சட்டைக்கு வந்தபோது மனசைத் திடப்படுத்திக்கொண்டு, “தம்பி, ஐயாகிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றேன்.

“ஐயா, அக்கா ஏதோ கேக்கணுமாம்.”

“இன்னாவாம்?”

“பொம்பளைங்களுக்கு ஒரு எடம்… ஒதுங்குறதுக்கு…” என்று தரையைப் பார்த்தபடி இழுத்தேன்.

ஏழுமலைக்கே காது சிவந்துவிட்டது. “ஐயா, பொம்பளைங்களுக்கு ஒரு எடம்…”

“சரி சரி சரி சரி!” ஐயா மலைப்பக்கம் திரும்பிக்கொண்டு அவசர அவசரமாக இடது நுனியில் ஒரு முடிச்சுப் போட்டார். “முடிஞ்சிக்கினேன்னு சொல்லு. இதெல்லாம் ரோட்ல பேசற விசயம் இல்லன்னும் சொல்லு.”

ரோட்டில் பேசக்கூடாதாம். நாங்கள் இருப்பதே ரோட்டில்தான்.

இரண்டு வருஷம் அந்த முடிச்சு அவர் தோளில் ஏறி ஊர் சுற்றியது. அவர் எங்களைக் கடந்து போகும்போதெல்லாம் செல்வி என் காதில் கிசுகிசுப்பாள். “யக்கா, நம்ம முடிச்சு போவுது பாரு. நல்லாத்தான் இருக்குது. வெய்யில்ல கறுக்காம பாத்துக்கச் சொல்லு.” வலது நுனியில் ஒரு முடிச்சுக்கூட மிச்சமில்லை. சாமிக்கு ஒரு குறையும் இல்லை என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

பிறகு ஒருநாள் செல்வி வரவில்லை. பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றார்கள். இரண்டு கிட்னியும் கெட்டுவிட்டதாம். அவள் கூடை வைக்கிற கல் வெறுமனே கிடந்தது.

அதே வாரத்தில்தான் அந்தத் துண்டு என்னிடம் வந்தது. முடிச்சுத் துண்டை ஐயாவின் சம்சாரம்தான் தன் கையால் அலசிப் போடுவார், வெளியே விடுவதில்லை. அந்த அம்மா பிறந்த வீட்டுக்குப் போயிருந்த நேரம், ஏழுமலை இருந்ததையெல்லாம் மூட்டை கட்டி வண்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டான். பிரித்தால், சட்டைகளுக்கு நடுவே தொகுதி கிடக்கிறது.

கண் சரியாகத் தெரியவில்லை, ஏதோ துண்டு என்று அவிழ்த்துவிட்டேன் என்று இத்தனை நாளும் எல்லாரிடமும் சொல்லி வந்தேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன். பொய். தெரிந்துதான் அவிழ்த்தேன். முதலில் எங்கள் முடிச்சை ஊக்கால் குத்தி நெகிழ்த்தினேன். ‘ரெண்டு வருஷமா இங்க இன்னா பண்ணிக்கினு இருந்த?’ என்று அதைக் கேட்டேன். அப்புறம் கை நிற்கவில்லை. ஒன்றுவிடாமல் அவிழ்த்து, தண்ணீர் தெளித்து, கரியை ஊதிவிட்டு, அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். வாழையிலை மாதிரி ஆகிவிட்டது. ஒரு தொடர்கதைப் பக்கத்தில் சுற்றி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் ஐயா அதை எடுத்துத் தோளில் போட, துண்டு முழங்கால்வரை விழுந்திருக்கிறது. அவர் போட்ட சத்தம் என் வண்டிவரை கேட்டது.

“ஏழுமலை! என் தொகுதி எங்கடா?”

அன்றிலிருந்து ஒரு கூத்து. ஊர் ஊராகப் போய், “நான் உங்களுக்கு இன்னா சொன்னேன்? மறுபடி சொல்லுங்க” என்று கேட்டார். சனங்கள் விடுவார்களா? ஒருவன் தனக்குப் பெண் பார்த்துக் கட்டிவைப்பதாகச் சொன்னீர்கள் என்றான். இன்னொருவன் ஜீப் என்றான். ஓர் ஊரில் காலை வெயிலை மறைக்காமல் மலை மேற்கே நிற்கிறது, கிழக்கே மாற்றித் தருவதாகச் சொன்னீர்கள் என்றார்களாம். ஐயா எல்லாவற்றுக்கும் முடிச்சுப் போட்டார்.

வல்லத்தில் மட்டும் ஒரு பெரியவர், “ஏரி மதகு கேட்டேங்க. நீங்க மறந்துட்டா பரவால்ல. எங்களுக்குப் பழகிடுச்சு” என்றாராம். ஏழுமலை இதைச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பெரியவருடைய முடிச்சையும் அவிழ்த்தவள் நான்தானே.

கடைசியாக என் வண்டிக்கு வந்தார்.

“ஏழுமலை, அந்தம்மாவக் கேளு. அவங்க முடிச்சு இன்னா?”

ஏழுமலைக்குத் தெரியும். ஆனாலும் என்னைப் பார்த்தான். “யக்கா, நீயே சொல்லிடு. எனக்கு வாய் வர்ல.”

எனக்கும்தான் வரவில்லை. செல்வியின் கல்லைப் பார்த்தேன். வந்துவிட்டது.

“கக்கூஸு! பொம்பளைங்களுக்குக் கக்கூஸு வேணும்! அது இல்லாமதான் செல்வி ஆஸ்பத்திரில கெடக்குறா!”

ஐம்பது வருஷத்தில் நான் போட்ட ஒரே சத்தம் அதுதான். போய்க்கொண்டிருந்த பஸ்ஸின் கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே திரும்பிப் பார்த்தார். ஐயா முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். ஏழுமலையைக் கூப்பிடவில்லை.

“மறக்கலம்மா,” என்றார் மெதுவாக. “சபைல ரெண்டு தபா எழுந்தேன். அத்தினி பேர் எதிர்க்க அந்த வார்த்த வர்ல. ஏரி மதகு வேணும்னு கேட்டுட்டு உக்காந்துட்டேன்.”

“அப்ப மதகாவது வந்துச்சா?”

“அதுவும் வர்ல.”

தலையைக் குனிந்துகொண்டு, நான் தேய்த்த துண்டில் ஒரு முடிச்சுப் போட்டார்.

சபையில் கேட்கவேண்டாம் என்று தொகுதி நிதியிலேயே கட்டினார். எங்கள் முனையில் இரண்டு அறை, பச்சைக் கதவு, தண்ணீர்த் தொட்டி. எங்களுக்கு நம்பவே முடியவில்லை. ஆனால் திறந்துவைக்கச் சொன்னால் ஐயா பிடிவாதமாக மாட்டேன் என்றார். “கோயில் கொளத்தத் தொறந்து வச்ச கையி ஏழுமலை இது. கக்கூசுக்கு ரிப்பன் வெட்டுனா ஊர் சிரிக்காது?” எம்.எல்.ஏ. திறக்காததை நான் எப்படித் திறப்பது என்று பூட்டுப்போட்ட ஆள் சாவியோடு போய்விட்டார். அதற்குள் தேர்தல் வந்தது, தேர்தல் விதி என்று, கட்டடத்துக் கல்வெட்டில் இருந்த அவர் பெயர்மேல் பேப்பர் ஒட்டினார்கள். ஐயா தோற்றார். பேப்பர் கிழிந்தது. பூட்டு மட்டும் அப்படியே இருந்தது.

தோற்ற பிறகு ஒருநாள் தனியாக நடந்து வந்தார். காரும் இல்லை, ஏழுமலையும் இல்லை. பேசுவதற்கு நடுவில் ஆள் இல்லாமல் இரண்டு பேரும் தவித்தோம்.

“வண்டி நல்லா இருக்குதா?” என்று வண்டியைப் பார்த்துக் கேட்டார்.

“இருக்குதுங்க” என்று இஸ்திரிப் பெட்டியைப் பார்த்துச் சொன்னேன்.

தோளில் இருந்த துண்டை எடுத்து என் வண்டியில் வைத்தார். ஒரே ஒரு முடிச்சு இருந்தது.

“மத்ததெல்லாம் புதுசா வந்தவர்கிட்ட சொல்லிட்டேன். இது மட்டும் என்னுது. கதவு தொறந்தா நீங்களே அவுத்துடுங்க. உங்களுக்கு அவுக்கத் தெரியும்னு எனக்குத் தெரியும்.”

எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் சந்தில் திரும்பிவிட்டார். நான் வேண்டுமென்றேதான் அவிழ்த்தேன் என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

செல்வி உயிரோடு இருக்கிறாள். வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரி. கொய்யாக் கூடையை அவள் அப்புறம் தூக்கவில்லை. எனக்கும் கால் வீங்கி, வண்டியைக் கொடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் போய்ப் பார்க்க முடியவில்லை. ஏழுமலையைக் கேட்டால் போன மாதமே திறந்துவிட்டார்கள் என்கிறான். டீக்கடைக்காரரைக் கேட்டால் பூட்டுத்தான் தொங்குகிறது என்கிறார். இரண்டு பேரையும் நான் நம்பவில்லை.

நான் எழுதியதில் ஊர், வருஷம், ஆள் ஏதாவது மாறியிருந்தால் தெரிந்தவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் செஞ்சிப் பக்கம் வருகிறவர்கள் யாராவது அந்தப் பச்சைக் கதவை மட்டும் ஒருதரம் தள்ளிப் பார்த்து எனக்குச் சொல்லவேண்டும். திறந்திருந்தால் முடிச்சை அவிழ்த்து, கஞ்சி போட்டு, மொடமொடவென்று தேய்த்து, ஐயா வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். ஏழுமலை இல்லாமல்.