ஆளுக்கொரு மாத்திரை

மனித குலத்தின் மேடை நடுக்கத்தை அடியோடு ஒழித்த அலுவலகம் எங்களுடையது. நலக்குழுச் செயலாளர் என்ற முறையில் அந்த வரலாற்றைப் பதிவு செய்கிறேன்.

தலைமையக அதிகாரிகள் முன்னால் ஆறு பேர் ஆண்டறிக்கை வாசிக்க வேண்டும். ஒத்திகையிலேயே ஆறு பேர் கையிலும் காகிதம் படபடத்தது. மேலாளர் மேசை இழுப்பறையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். அவருடைய கைநடுக்கத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை.

"எனக்கு நல்லா கேக்குது. ஆளுக்கு ஒண்ணு குடுங்க!" என்றார். என்ன தாராள மனசு! உடனே சுற்றறிக்கை போட்டேன்.

கிடங்கு எழுத்தர் மட்டும் தயங்கினார். மூச்சோடு சத்தமும் வருவதால் அவரை 'விசில்' என்போம்.

"சார், எனக்கு ஆஸ்துமா இருக்கே. ஒத்துக்குமா?"

"சுற்றறிக்கையில விதிவிலக்கு எதுவும் இல்லையே," என்றேன்.

விழுங்கினார். மேடையில் அவர் கை கல்லாக நின்றது. மூன்றாம் பக்கத்தில் மூச்சு திணறியது. இன்ஹேலரை இரண்டு முறை அடித்தார், நான்கு முறை அடித்தார், பலனில்லை. உணர்ச்சி பொங்க வாசிக்கிறார் என்று அதிகாரிகள் கைதட்டினார்கள். உதடு நீலமான பிறகுதான் ஆம்புலன்ஸ் வந்தது.

"நுரையீரல் செல்கள் மேல ஏற்பின்னு ஒண்ணு இருக்கு," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர் என்னிடம். "இன்ஹேலர் மருந்து அதுல போய் ஒட்டினாத்தான் மூச்சுக்குழாய் விரியும். இந்த மாத்திரை முந்திப் போய் அந்த இடத்தைப் பிடிச்சிடுச்சு. தானும் வேலை செய்யாது, வேலை செய்ய வர்றதையும் உட்கார விடாது."

எங்கள் மேலாளரை டாக்டர் எங்கே சந்தித்தார் என்று வியந்தேன்.

"வேற வகை ஏற்பியில போய் ஒட்டுற மருந்து குடுத்தோம். பொழச்சுக்கிட்டார்."

வெளியே விசிலின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "கூடவே இருந்து பாத்துக்கிட்டீங்களாமே அண்ணே. நீங்க நல்லா இருக்கணும்."

அடுத்த வாரம் விசாரணைக் கூட்டம்.

"ஆஸ்துமான்னு முன்னாடியே சொல்றதுக்கென்ன?" மேலாளர் கேட்டார்.

"சொன்னேன் சார்," என்றார் விசில். என்னைப் பார்க்காமலே சொன்னார். பெருந்தன்மை.

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் கூட்டக் குறிப்பு நோட்டைப் பார்த்தேன். 'ஊழியர் தம் நோயை எவரிடமும் தெரிவிக்கவில்லை' என்று நிறுத்தி நிதானமாக எழுதி, கீழே கையெழுத்திட்டு, விசிலிடம் நீட்டினேன்.

அவர் வரிவரியாகப் படித்தார்.

"உங்க கையெழுத்து ரொம்ப அழகு சார்," என்றார்.