தமிழரில்லாத தீவில் பார்சல் அண்ணை

உலகத்திலேயே இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடக்கத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் பார்சல் அண்ணைதான். ஆக்லாந்தின் பிளாக்ஹவுஸ் பே பகுதியில் தன் வீட்டிலிருந்து டெய்ரி எனும் மூலைக்கடைக்குப் பால் வாங்கப் போனால்கூட, யாரோ யாருக்கோ கொடுத்துவிட்ட ஏதோ ஒன்று அவர் கக்கத்தில் இருக்கும். அவருடைய சொந்தப் பெயர் அவர் பாஸ்போர்ட்டுக்கும் மனைவி சரோ அக்காவுக்கும் மட்டுமே தெரியும். மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். எட்டு மணி நேரம் பிறத்தியார் சாமானைத் தூக்கிவிட்டு, மாலையில் களைப்பு தீரப் பிறத்தியார் சாமானைத் தூக்குவார்.

யாராவது விமானம் ஏறுகிறார்கள் என்று தெரிந்தால் பார்சலோடு வாசலில் நிற்பது நம்மவர் வழக்கம். "பெட்டி நிறைஞ்சிடுச்சே" என்று பொய் சொல்லித் தப்பிப்பது அதைவிடப் பழைய வழக்கம். நானும் கூசாமல் சொல்லியிருக்கிறேன். அண்ணைக்கு அந்தப் பொய் மட்டும் வராது.

"சும்மாதானே போறன், தாங்கோ" என்பார்.

அப்படி வாங்கித்தான் டொராண்டோவுக்கு ஒரு ஆட்டுக்கல்லைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கனம் தெரியக் கூடாதென்று விமான நிலையம் முழுக்கச் சிரித்தபடியே நடந்தார். மெல்போர்ன் கல்யாணத்துக்கு முன்னதாகப் போய்ச் சேர்ந்த ஒரு பெரியவர் பல்செட்டை ஆக்லாந்திலேயே மறந்துவிட, அதையும் சட்டைப் பையில் கொண்டுபோனார். அண்ணை மண்டபத்துக்குள் நுழையும்வரை அந்தப் பெரியவர் பாயசத்தை மட்டுமே வைத்து மூன்று பந்தியைக் கடத்தினாராம்.

போன வருடம் சரோ அக்கா ஒரு முடிவோடு உலக வரைபடத்தை விரித்தார். லண்டன், பாரிஸ், சிட்னி, சிங்கப்பூர் எல்லாவற்றையும் பேனாவால் அடித்தார். கடைசியில் அடிபடாமல் கிடந்தது கிரேக்க நாட்டுக் கடலில் கடுகளவு ஒரு தீவு.

"இஞ்ச ஒரு தமிழ்ச் சனமும் இல்லை. விசாரிச்சிட்டன். ஒரு கிழமை, நானும் இவரும் கடலைப் பாத்துக்கொண்டு சும்மா இருக்கப் போறம். பார்சல் எண்டு ஒரு கடதாசித் துண்டு வந்தாலும், இனி இவரோட நான் ஒரு இடமும் வரமாட்டன்" என்றார் என்னிடம்.

சாட்சிக்கு என்னையும் என் கணவரையும் கூடவே வரச் சொன்னார். நாங்கள் இருக்கும் கிளென் ஈடனில் ஆகஸ்ட் மாதக் குளிர்கால மழை. எங்கள் வீட்டில் துவைத்த துணி பத்து நாளாகக் காயவில்லை. வெயில் என்ற சொல்லைக் கேட்டதும் நாங்கள் தலையாட்டிவிட்டோம்.

தீவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த மாதமே அங்கே ஒரு தமிழ்ச் சங்கமும், மறுமாதம் அதற்கு எதிராக இன்னொரு சங்கமும் தொடங்கிவிடுவார்கள்.

புறப்படும் நாளில் செய்தி எப்படியோ கசிந்து, "துபாயில ரெண்டு மணித்தியாலம் நிப்பியள்தானே? என்ர மச்சான் வாசலுக்கு வருவான்" என்று ஒருவர் மிளகாய்த்தூள் பொட்டலத்தோடு வந்து நின்றார். சரோ அக்கா பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். அண்ணை வானத்தைப் பார்த்தார். முப்பது வருடத்தில் முதல் தடவையாக வெறும் உடுப்போடு விமானம் ஏறினார்.

அந்தத் தீவைப் பற்றி என்ன சொல்வது! விடுதிக்குக் கீழே பத்துப் படி இறங்கினால் கடல். வெள்ளைச் சுவர்களில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் எங்கள் முகங்களே கழுவித் துடைத்தாற்போல இருந்தன. எங்கோ ஆடுகளின் மணிச்சத்தம். கண்ணை மூடினால் தூக்கம், திறந்தால் நீலம். இவை இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ நாங்கள் மிதந்துகொண்டிருந்தோம். திங்களா செவ்வாயா என்று என் கணவர் கேட்டார். நாங்கள் மறுபக்கம் புரண்டு படுத்தோம்.

சரோ அக்கா சாய்வு நாற்காலியில் காலை நீட்டி, பக்கத்து நாற்காலியில் அண்ணையை உட்காரவைத்திருந்தார். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் ஆக்லாந்தில் பார்த்ததே இல்லை. அண்ணையோ இரண்டு கையையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்தார், தலைக்குப் பின்னால் வைத்தார், கடைசியில் அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாம் நாள் மதியம் நான் அரைக்கண்ணில் கிடந்தபோது அக்கா என் தோளைத் தட்டினார். பக்கத்து நாற்காலியில் துண்டு மட்டும் இருந்தது. மேலே மலைக்கிராமத்துக்குப் போகும் வெள்ளைப் படிக்கட்டில், தோளில் ஒரு தகர டின்னோடு யாரோ ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்த நடையைப் பார்த்ததுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

திரும்பி வந்தபோது கையில் ஒரு பாலாடைக்கட்டி உருண்டை. விடுதிக்கார அம்மாள் மேலே இருக்கும் தங்கைக்கு எண்ணெய் கொடுத்துவிட்டாராம். அந்தத் தங்கை தன் அக்காவான விடுதிக்காரருக்குப் பதிலுக்கு அனுப்பியது இது.

"நான் நியூசிலாந்தில இருந்து ஒண்டும் கொண்டு வரேல்லை, சரோ. இது இந்த ஊர்ச் சாமான்" என்றார் அண்ணை.

"அண்ணே, பாஷையே தெரியாம எப்படி வாங்கினீங்க?" என்று கேட்டேன்.

"அந்த மனுசி டின்னைப் பாத்தா. பிறகு மலையைப் பாத்தா. பிறகு என்னைப் பாத்தா. இதுக்கு ஏன் பிள்ளை பாஷை?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அக்கா சிரிக்கவில்லை.

"நான் டிக்கெட்டை மாத்திக்கொண்டு நாளையிண்டைக்குப் போறன், தங்கச்சி" என்றார் என்னிடம். "எந்த நாட்டுக்குப் போனாலும் ஆற்றயோ வீட்டுச் சோபாவில இருந்து, அவை பார்சல் பிரிக்கிறதைத்தான் பாத்திருக்கிறன். ஒரு கிழமை என்னோட இருக்கச் சொல்லித்தானே கேட்டனான்?"

"என்னக்கா, இதுக்குப் போயி..." என்று தொடங்கிய நான், அக்காவின் கண்ணைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அண்ணை பாலாடைக்கட்டியை இரண்டு கையிலும் ஏந்தியபடி நின்றார். அந்த உருண்டையை அவர் உரியவரிடம் கொடுக்க மறந்தே போனார் என்பதிலிருந்து, அக்கா சொன்னது எவ்வளவு தைத்தது என்று தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை அண்ணையைக் காணவில்லை. அக்கா பெட்டியில் துணி அடுக்கத் தொடங்கிவிட்டார். பத்து மணிக்கு அண்ணை வந்தார். கையில் பார்சல்! பழுப்பு டேப்பைப் பத்துச் சுற்றுச் சுற்றி, மேலே கொட்டை எழுத்தில் பெயர் எழுதிய அவருடைய வழக்கமான பார்சல்.

"இது ஆற்ற?" என்றார் அக்கா, நிமிராமலே.

"உம்மடதான்."

"ஆர் தந்தது?"

"ஒருத்தரும் தரேல்லை. நானே வாங்கினனான், நானே கட்டினனான், நானே கொண்டு வந்தனான்." அடுக்கிய துணியின் மேல் பார்சலை வைத்தார். "ஊருக்கெல்லாம் கொண்டுபோய்க் குடுத்திருக்கிறன். உமக்கெண்டு ஒண்டும் கொண்டு வந்ததில்லை எண்டு ராத்திரித்தான் யோசிச்சனான்."

அந்த டேப்பைப் பிரிக்க என் கணவரின் சவரக்கத்தி முதல் விடுதிச் சமையலறைக் கத்திரிக்கோல் வரை எல்லாம் வேலைசெய்தன. உள்ளே இருந்தவை நான்கு அத்திப்பழங்கள். இறுக்கிக் கட்டியதில் நான்கும் ஒன்றாகி ஜாம் ஆகியிருந்தன. அக்கா விரலால் தொட்டு வாயில் வைத்தார். இன்னொரு தடவை வைத்தார். பிறகு அடுக்கிய துணியை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கொடியில் போட்டார்.

அதன் பிறகு அண்ணை நாற்காலியை விட்டு அசையவில்லை. விடுதிக்கார அம்மாள் டின்னையும் மலையையும் பார்த்தபோதெல்லாம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அலை வந்தது, போனது. இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள், மணிக்கணக்கில் பேசாமலும் இருந்தார்கள். முப்பது வருடமாகப் பேசாமல் வைத்திருந்ததை எல்லாம் அந்த வெயிலில் காயவைத்து எடுத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

கடைசி நாள் காலையில் விடுதிக்கார அம்மாள் ஒரு பெரிய கூடையோடு வந்து நின்றார். அண்ணை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, முடியாது என்று தலையாட்டினார். முகம் மட்டும் அழுகிற குழந்தைபோல இருந்தது.

சரோ அக்கா எழுந்து செருப்பை மாட்டினார். "ஒரு பக்கம் நீங்கள் பிடியுங்கோ. மற்றப் பக்கம் நான் பிடிக்கிறன்" என்றார்.

"வெயிலப்பா. உமக்குக் கால் நோகும்."

"சும்மாதானே போறம். வாங்கோ."

கூடையை நடுவில் வைத்து இருவரும் அந்த வெள்ளைப் படிகளில் ஏறுவதைக் கீழே இருந்து பார்த்தேன். பாதியில் நின்று மூச்சு வாங்கினார்கள். அக்கா எதற்கோ சிரித்தார், அண்ணையும் சிரித்தார். ஆக்லாந்தில் இத்தனை கோயில் இருந்தும் எட்டிப் பார்க்காத நான், அன்றைக்கு அந்தக் கடலைப் பார்த்து, இந்த இரண்டு பேரும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டேன்.