கேனில் வந்தது மருந்தா, ஆத்தாளா?

போடிநாயக்கனூர்
ஆயுத பூஜை கழிந்த வாரம்

மதிப்பும் பாசமும் நிறைந்த மாப்பிள்ளை ஈஸ்வர் அவர்களுக்கு,

மாமன் மொக்கச்சாமி எழுதிக்கொள்வது. ஓசூரில் தாங்களும் மகள் அனுசியாவும் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்கப் பரமசிவன் கோயில் சாமியை வேண்டுகிறேன். இங்கே நானும் உங்கள் அத்தை அன்னக்கொடியும் சுகம். நமது ஏலக்காய்ச் சல்லடை மெஷின்தான் சுகமில்லை. இல்லை, அது ஒன்றுதான் சுகமாக இருக்கிறதோ என்னவோ, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

போனில் பேசலாம் என்றால் 'மீட்டிங்ல இருக்கேன் மாமா' என்கிறீர்கள். அதனால் விஷயத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நமது ஸ்டோரில் நடந்த அத்தனைக்கும் காரணம் தாங்கள் அனுப்பிய கேனில் இருந்த மெஷின் துடைக்கிற மருந்துதான், ஆத்தா அல்ல என்று உங்கள் கம்பெனி பேர் அச்சடித்த தாளில் நாலு வரி எழுதி, சீல் வைத்து, உடனே அனுப்ப வேண்டும். அது வராவிட்டால் மெஷின் ஓடாது. மெஷின் ஓடாவிட்டால் மலையிலிருந்து ஒரு மூட்டை காய் என் வாசலில் இறங்காது. எதிர்த்த ஸ்டோர்க்காரன் இப்போதே கூடுதலாக ஆள் வைத்துவிட்டான்.

நடந்ததைச் சொல்கிறேன். காய்த் தூசியும் பேரிங்கில் வைக்கிற கிரீஸும் சேர்ந்து சல்லடை ஓரமெல்லாம் தார் பூசினாற்போல் கறுத்துப் போய், கண்ணெல்லாம் அடைத்து, ஏழு மில்லிமீட்டர்க் காய் கீழே விழாமல் எட்டு மில்லிமீட்டர்க் காயோடு ஜம்பமாக நின்றுகொண்டிருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் காயில் வாடை ஏறிவிடும், சோடா உப்புக்கு அந்தக் கறை மசியவே மசியாது என்று நான் புலம்பியதைக் கேட்டுத்தான் தாங்கள் கேன் அனுப்பினீர்கள். அருமையான மருந்து, குறை சொல்லக் கூடாது. நம்ம மெஷின் ஓட்டுகிற பெரியகருப்பன் துணியில் நனைத்து ஒரு இழுப்பு இழுத்தான், என் கல்யாணத்துக்கு முந்தின அழுக்கெல்லாம் வழித்துக்கொண்டு வந்தது. கூடவே பச்சைப் பெயிண்டும் வந்தது, மெஷின் மேல் எழுதியிருந்த என் தகப்பனார் பெயரும் வந்தது. அது போகட்டும்.

'கதவு ஜன்னலைத் திறந்து வைத்துத் துடையுங்கள் மாமா, கொஞ்ச நேரத்தில் மருந்து காற்றிலேயே போய்விடும்' என்று தாங்கள் சொன்னீர்கள். அந்தக் காற்றில் போகிற சங்கதிதான் மாப்பிள்ளை என் மனதை உறுத்தியது. நான் ஏலக்காயில் பிறந்து ஏலக்காயில் வளர்ந்தவன். வாசம் போனால் விலை போச்சு என்பதுதான் எங்கள் வீட்டில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். வாசமுள்ள எந்தச் சரக்கையாவது யாராவது திறந்து போடுவார்களா? கம்பெனியில் வேலை பார்க்கிற பிள்ளைக்கு வாசத்தின் அருமை எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டு, ஜன்னலையெல்லாம் அடைத்து, கதவிடுக்கில் சாக்கைத் திணித்து, வீரியம் கொஞ்சமும் வெளியே போகாமல் பூஜை நாள் காலை வரைக்கும் கட்டிக்காத்தேன். கேன் மேல் சிவப்புக் கட்டத்துக்குள் தீபம் எரிகிற மாதிரி ஒரு படம் போட்டிருந்தது. பூஜைக்கு உகந்த மருந்து போலிருக்கிறது, கம்பெனிக்காரனுக்கும் பக்தி இருக்கிறதே என்று பெரியகருப்பனிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன்.

பூஜையன்று காலையில் காய் பொறுக்குகிற பெண்களுக்குத் தலைவியான சுருளியம்மாள்தான் வழக்கம்போல் முதலில் உள்ளே போனாள். மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது அவள் கை. நாங்கள் வாசலில் பொரிகடலையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். பெரியகருப்பன் தட்டில் சூடத்தை வைத்துத் தீப்பெட்டியோடு உள்ளே கால் வைத்தானோ இல்லையோ, இவள் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, கண்ணெல்லாம் சிவந்து, தள்ளாடிக்கொண்டே வந்து தட்டை ஒரே தட்டாகத் தட்டிவிட்டாள். "நெருப்பக் காட்டாதடா!" என்று ஒரு சத்தம். பெண்களெல்லாம் குலவை போட, பெரியகருப்பன் தடாலென்று காலில் விழுந்து, "ஆத்தா, நாங்க என்ன குத்தம் செஞ்சோம்? சொல்லு ஆத்தா" என்றான். "என்னைய அடச்சு வெச்சிட்டீகளேடா! மூச்சு முட்டுதுடா! கதவத் தொறங்கடா! இந்த மெஷின எவனும் தொடக் கூடாதுடா!" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து வாந்தி எடுத்தாள். அப்புறம் வேப்பமரத்தடியில் காற்றாடப் படுத்து, ஒரு சொம்பு மோரைக் குடித்துவிட்டு, "என்னண்ணே, பொரிகடலை குடுத்தாச்சா?" என்று கேட்கிறாள். பாவம், அந்தப் புள்ளைக்கு ஏதும் ஆகியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றைக்குப் பிடித்தது சனியன். ஆத்தாளை அடைத்து வைத்துக் கட்டிய கட்டடம் இது என்று தெரு முழுக்கப் பேச்சு. குரங்கணித் தோட்டக்காரர் வீரணன் இருக்கிறாரே, ஜீப்பு நிறையக் காய் கொண்டுவந்தவர், வாசலில் நின்றுகொண்டு, "மொக்கச்சாமியண்ணே, ஏலத்துக்குக் காய் போகணும், எனக்கும் சோலி கெடக்கு. ஆனா ஆத்தா உத்தரவு குடுக்காம என் காய இதுல போட மாட்டேன், கோவிச்சுக்கிறாதீக" என்கிறார். கேன் மருந்துதான் அவளைக் கிறுகிறுக்க வைத்தது என்று நான் சொன்னேன். "ஏண்ணே, மருந்துக்கு வாய் இருக்கா?" என்று கேட்டுவிட்டார். இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா? சூடத்தைத் தட்டிவிடணும் என்று மருந்து எப்படி அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும்? இல்லை ஆத்தாதான் என்றால், கேனில் எப்படி ஓசூரிலிருந்து வந்தாள்? நினைக்க நினைக்க மண்டை காய்கிறது. கேன் என்று எழுதினால் ஆத்தாளுக்குக் கோபம், ஆத்தா என்று ஒத்துக்கொண்டால் ஸ்டோரை இடித்துக் கோயில் கட்டச் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவில் குட்டிச்சுவர் ஆகப்போவது நான்தான்.

வீட்டில் உட்கார்ந்து எழுத முடியவில்லை மாப்பிள்ளை. ஆத்தாளுக்குப் பொங்கல் வைக்க வந்த பெண்கள் கூட்டம் ஸ்டோர் வாசலிலிருந்து நம்ம வீட்டு அடுப்படி வரைக்கும் நிற்கிறது. அதனால் என்னிடமுள்ள சாவியைப் போட்டு மெஷின் ரூமுக்குள் வந்து, யாரும் பார்த்துவிடாமல் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். ஆத்தா இறங்கிய இடம் என்று தெருக்காரர்கள் மெஷினுக்கு மாலை போட்டு ரூமைப் பூட்டினார்களே தவிர ஒருவரும் ஜன்னலைத் தொடவில்லை. கேன் என் கால்மாட்டில்தான் இருக்கிறது, மூடி எங்கே போனதென்று தெரியவில்லை. நல்ல வாசம்தான். தலை லேசாக இருக்கிறது, மனசும் லேசாகிவிட்டது. என்னத்துக்கு இவ்வளவு கவலைப்பட்டேன்? இந்த மெஷினப் பாருங்க, கரண்ட் இல்லாமலே ஆடுது. ஆடட்டும், ஆடட்டும், பாவம், எத்தன நாளா நிக்குது.

ஆகவே தாள் அனுப்ப மறந்துறாதீக, சீலு முக்கியம். தங்களுக்கும் அனுசியாவுக்கும் சகல சௌபாக்கியமும் உண்டாகட்டும். பேரனுக்கு ஒரு கொறையும் வராது. வராதுடா மகனே! நான் இருக்கேன்டா உனக்கு! என் சல்லடைய ஏன்டா நிப்பாட்டுனீக? காயக் கொண்டாங்கடா! வெரசாக் கொண்டாங்கடா!

இப்படிக்கு,
ஆசீர்வாதத்துடன்
மொக்க

பின்குறிப்பு: மாப்பிள்ளை, தாள் அனுப்பிவிடாதீர்கள்! தங்களுக்குக் கோடிப் புண்ணியம், அனுப்பவே கூடாது. மேலே கடைசிப் பத்தியை நான் எழுதியதே எனக்கு ஞாபகம் இல்லை. உங்கள் அத்தை சொல்லித்தான் மிச்சம் தெரியும். கதவை உதைத்துக்கொண்டு வெளியே வந்தேனாம், அத்தனை பெண்கள் முன்னால் வேட்டி நிற்கிறதா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் ஆடினேனாம், "மெஷினப் போடுங்கடா!" என்று கத்தினேனாம். வீரணன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "உத்தரவு கெடச்சிருச்சு!" என்று மூட்டையைப் பிரித்துவிட்டார். ஆத்தா ஏற்கெனவே கேட்டிருந்தாளே என்று கதவு ஜன்னல் அத்தனையும் திறந்து போட்டுவிட்டார்கள். என் முகத்தில் அன்னக்கொடி தண்ணீர் அடித்து எழுப்பும்போது சல்லடை ஓடிக்கொண்டிருந்தது. எதிர்த்த ஸ்டோருக்குப் போன மூட்டையெல்லாம் திரும்பி வருகிறது. இந்த நேரத்தில் 'எல்லாம் கேன்தான்' என்று உங்கள் தாள் வந்தால் என் உத்தரவும் கேன் உத்தரவாகிவிடும், மெஷின் மறுபடி நின்றுவிடும்.

எனக்கு வந்தது மருந்து வாடைதான் என்று எனக்கே நிச்சயமாகத் தெரிந்துவிட்டதால், மனசு கேட்காமல் சுருளியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, "தாயி, நம்ம ரெண்டு பேருக்குமே வந்தது சாமியில்ல, வாடை. வா, டாக்டரப் பாத்துட்டு வந்துருவோம்" என்றேன். சிரித்துவிட்டாள். "உங்களுக்கு வந்தது வாடைதாண்ணே, அது எனக்குத் தெரியாதா? சாமி வந்தவுக எலுமிச்சம்பழம் கேப்பாக, சேலை கேப்பாக. மெஷினப் போடுன்னா கேப்பாக? நாங்க பத்துப் பதினஞ்சு பொம்பளைக பொழைக்கணுமேன்னுதான் நீங்க ஆடிக்கிட்டு வந்தப்ப மொதக் கொலவைய நான் போட்டு விட்டேன். எனக்கு வந்தது ஆத்தாதான், அதுல சந்தேகப்படாதீக" என்று சொல்லிவிட்டுக் காய் பொறுக்கப் போய்விட்டாள்.

இதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தெம்பு இல்லை. யாராவது போன் பண்ணிக் கேட்டால், அந்தக் கேனில் என்ன இருந்ததென்று உங்களுக்கும் தெரியாது என்று சொல்லிவிடுங்கள்.