தாவாத ஆட்டுக்குட்டி

ரசிகர்களில் 'நிறுத்திக்காட்டி' என்று ஒரு வகை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? கையில் ரிமோட் இருக்கும். அழகான இடம் வந்ததும் படத்தை நிறுத்தி, அது ஏன் அழகு என்று விளக்குவார். நீங்கள் கேட்கவே வேண்டாம்.

திண்டுக்கல் மேட்டுப்பட்டி ஓவிய ஆசிரியர் ஸ்டீபன்ராஜ் இந்த வகையின் மூலவர். 2002-இல் விசிடி பிளேயர் வாங்கிய கையோடு பழைய பொம்மைப் படம் ஒன்றையும் எங்கிருந்தோ பிடித்துவந்தார். ஊமைப் படம், நான்கே நிமிடம். ஓடைக்கு இக்கரையில் ஆட்டுக்குட்டி, அக்கரையில் தாய். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒற்றை ஆளாக உட்கார்ந்து மூவாயிரத்து எண்ணூறு தாள்களில் வரைந்தது. குட்டி மயிரிழை நகர்ந்தாலும் பின்னாலிருக்கும் பாறையையும் சேர்த்து மறுபடி வரைந்திருக்கிறார். இன்று டிவியில் குதிக்கிற பொம்மைகளெல்லாம் இதன் பேரன் பேத்திகள் என்று காலுக்கு ஒரு நிறுத்தம், காதுக்கு ஒரு நிறுத்தம், வாலுக்கு இரண்டு. அசைவதற்கென்றே பிறந்த குட்டி அந்த வீட்டில் சேர்ந்தாற்போல் நாலு அடி வைத்ததில்லை. ஓடவிட்டால் நாலு நிமிடத்தில் முடிந்துபோகுமே, அப்புறம் ஸ்டீபன்ராஜை யார் மதிப்பார்கள்?

எரியோட்டில் ஆடு வளர்க்கும் அவருடைய அக்கா செபஸ்தியம்மாளுக்கு ஒன்றே ஒன்று தெரிந்தாக வேண்டும்: குட்டி தாயிடம் போய்ச் சேர்ந்ததா? மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் குட்டி கரையில் நிற்கும்போதே பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தூக்கத்திலும் அது கத்துகிறதாம். முடிவை வாயாலாவது சொல்லச் சொன்னாள். கலையை அப்படிச் சொல்லக் கூடாது என்றுவிட்டார் தம்பி.

நாலாம் முறை, குட்டி முன்னங்காலைத் தூக்கியதும் படம் நின்றது.

"இந்தக் காலப் பாருக்கா..."

"ஏலே, அய்யலூர் ஆட்டுச் சந்தையில வாராவாரம் பாக்குற காலுதான. அங்க தாய்க்காரி மடியில பால் கட்டி நிக்கிறா. குடு இங்கிட்டு."

ரிமோட்டைப் பிடுங்கி அமுக்கினாள். குட்டி தாவியது. தண்ணீரில் விழுந்து, எழுந்து, உதறி, நேராகப் போய் மடியில் முட்டியது. செபஸ்தியம்மாள் பெருமூச்சு விட்டாள்.

தம்பி வாய் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, பாறை நடுங்குதுக்கா. தாளுக்குத் தாள் கோடு விலகியிருக்குல்ல. நிறுத்தி நிறுத்திப் பாத்ததுல இம்புட்டு நாளாத் தெரியவேயில்ல. இன்னொரு வாட்டி விடு."

விட்டாள். பஸ் போனதே தெரியவில்லை. அன்று குட்டி ஏழு முறை தாவியதாகக் கேள்வி; எழுபது என்று சத்தியம் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

போகட்டும். இதைப் படிக்கையில் நடுவே நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரைத் தட்டி, "இந்த வரியைக் கேளேன்" என்று வாசித்துக் காட்டினீர்களோ? அவர் முகத்தை ஒருமுறை பாருங்கள்.