மணி அடித்தால் மீன் சாசேஜ்

ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஒரு சபதம் எடுத்தேன். இந்த வீட்டில் ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லை ரொக்கு இருக்க வேண்டும்.

ரொக்கு எங்கள் நாய். ‘எங்கள்’ என்பது பேச்சுக்கு. அது என் மனைவி தொகிகோவின் நாய். முப்பத்தேழு வருஷம் யோகோஹாமா ரயிலில் நின்றுகொண்டே வேலைக்குப் போய், நின்றுகொண்டே வீடு திரும்பியவன் நான். ஒரு நாள்கூட யாரும் வாசலுக்கு வந்து “வாங்க” என்று சொன்னதில்லை. தொகிகோ கடைக்குப் போய் வந்தால் போதும், ரொக்கு வாசலுக்குப் பறக்கும். அவளும் செருப்பைக்கூடக் கழற்றாமல், “என் ராசா, பசிக்குதா?” என்று கொஞ்சுவாள். எனக்கும் பசிக்கும். யார் கேட்டார்கள்? வயிறு எரிந்தது.

அந்த நேரத்தில்தான் எங்கள் குடியிருப்புச் சங்கம் ஒரு புது விதி போட்டது. சங்கத் தலைவி நகுமோ அம்மாள் ஆறு வாரம் கழித்து வீடு வீடாக வந்து அழைப்பு மணியை அடித்துப் பார்ப்பார். குரைக்கும் நாய் அன்றிலிருந்து ஒரு மாதத்துக்குள் வெளியேற வேண்டும். மணி அடித்தால் ரொக்கு ஐந்து மாடியும் அதிரக் குரைக்கும். வெளியேறினால் ரொக்கு போக வேண்டியது தூரத்து நிகாதாவில் இருக்கும் என் மச்சினி வீட்டுக்கு. எனக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகச் சங்கத்தின் மேல் மரியாதை வந்தது.

தொகிகோ பயந்துபோய் நாய்ப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். முதல் நாள் வந்ததுமே எனக்கு உத்தரவு.

“ஏங்க, ஒண்ணு மட்டும் காதுல வாங்கிக்கோங்க. மணி அடிக்கிறப்ப இதுக்குத் தின்ன எதுவும் குடுத்துடாதீங்க.”

“குடுத்தா?”

“பழகிடும். அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

“எனக்கு வேற வேலை இல்ல பாரு!”

“அதாங்க பயமா இருக்கு. உங்களுக்கு வேற வேலையே இல்லையே.”

மதியம் அவள் சாப்பாட்டுக் கடை வேலைக்குக் கிளம்பியதும் ரொக்குவைக் குரைக்கப் பழக்க ஆரம்பித்தேன். குளிர்பெட்டியில் மீனை அரைத்து உருட்டிய மீன் சாசேஜ் இருந்தது. வெளியே போய் என் வீட்டு மணியை நானே அடிப்பேன். உள்ளே ஓடி வந்து, குரைக்கிற வாயில் நகத்தளவு ஒரு துண்டு போடுவேன். மறுபடி வெளியே. தினம் முப்பது தடவை. ஆபீசில்கூட நான் இப்படி உழைத்ததில்லை.

எதிர்வீட்டு குசாகா பார்த்துவிட்டார்.

“என்ன சார், உள்ள விட மாட்டேங்கறாங்களா?”

“மணி வேலை செய்யுதான்னு பாக்கறேன்.”

“நேத்தும் பாத்தீங்களே?”

“நேத்து செஞ்சுது. இன்னிக்கும் செய்யணும்ல?”

“எனக்கும் அடுத்த வருஷம் ரிடயர்மென்ட்,” என்று பெருமூச்சு விட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாலாவது வாரம் குரைப்பு குறைந்தது. சம்பளம் பத்தவில்லை போலிருக்கிறது என்று துண்டைப் பெரிதாக்கினேன். ஐந்தாவது வாரம் கதவைத் திறந்தால், ரொக்கு வாசலிலேயே உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தது. பரீட்சைக்காகத் தொண்டையைச் சேமிக்கிறது என்று நினைத்தேன். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். முப்பத்தேழு வருஷத்தில் எனக்காக வாசலில் ஒரு ஜீவன் காத்திருந்தது அன்றைக்குத்தான். அதற்கு ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் போய் மறுபடி மணியை அடித்தேன்.

பரீட்சை நாள். மணி அடித்தது. ரொக்கு துள்ளி எழுந்தது. ‘குரைடா ராசா!’ என்று மனசுக்குள் கும்பிட்டேன். அது நேரே என்னிடம் ஓடி வந்தது. காலடியில் உட்கார்ந்தது. வாயைத் திறந்தது. எச்சில்தான் ஒழுகியது, சத்தமே இல்லை. நகுமோ அம்மாள் இன்னும் இரண்டு தடவை அடித்தார். அதே கதை.

“அருமை! யாரு பழக்கினது?”

“இவர்தாங்க,” என்றாள் தொகிகோ. “தினமும் முப்பது தடவை. ஒரு நாள்கூட விட்டதில்ல.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த அம்மாள் போனதும் கேட்டேன்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“சாசேஜ் தீரத் தீர யாரு வாங்கி வெச்சது? முப்பது தடவைன்னு எதிர்வீட்டு குசாகா எண்ணிச் சொன்னார். மணி அடிச்ச உடனே வாயில ஏதாவது போட்டா, குரைக்கறதை மறந்துட்டு தீனிக்குக் காத்திருக்கும்னு வாத்தியார் முதல் நாளே சொல்லிட்டார். அதுக்குப் பகலெல்லாம் வீட்ல சும்மா இருக்கற ஆள் வேணும்னார்.”

“என்கிட்ட நேரா சொல்லித் தொலைச்சிருக்கலாமே!”

“சொன்னா செஞ்சிருப்பீங்களா? இத்தனை வருஷத்துல நான் செய்யுங்கன்னு சொன்ன எதைச் செஞ்சீங்க? நாய்க்குச் சாசேஜ் வேணும். உங்களுக்கு ‘வேண்டாம்’னு ஒரு வார்த்தை போதும்.”

அவள் சொன்னது நிஜம். அதனால்தான் இன்னும் எரிந்தது.

மறுநாள் அவள் வகுப்புத் தோழிகளோடு இரண்டு நாள் வெந்நீர் ஊற்றில் குளிக்கக் கிளம்பினாள். ரொக்குவுக்குத் துணை நான். வாசலில் நின்று திரும்பினாள்.

“ஏங்க, பாத்திரத்தையெல்லாம் அப்படியே போட்டு வெச்சிருக்கேன். நீங்க மட்டும் தொட்டுடாதீங்க. உங்களுக்குச் சுத்தமாக் கழுவ வராது.”

“யாருக்கு? எனக்கா வராது?”

எனக்கு உறைத்தபோது அவள் ரயில் ஏறியிருப்பாள். நான் கடைசிக் கிண்ணத்தைத் துடைத்துக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.