மில்லிமீட்டர் அண்ணன் இன்ஜின் மாற்றிய கதை

திருச்சி ஜில்லாவில் மில்லிமீட்டர் அண்ணன் அளந்து பார்க்காத பொருள் ஒன்றுகூடக் கிடையாது. பாலக்கரையில் நான் வேலை பார்த்த லேத் பட்டறையில் அவர்தான் மூத்த டர்னர். இரும்பைத் துல்லியமாக அளக்கும் வெர்னியர் கருவி எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். ஓட்டலில் இட்லி வந்தால் முதலில் அதன் கனத்தைப் பார்ப்பார். "நேத்தைவிட ரெண்டு மில்லி கம்மி" என்று சர்வரிடம் சொல்லிவிட்டுத்தான் சட்னியைத் தொடுவார். ஒருநாள் வெளியூர்க்காரர் ஒருவர் பட்டறை வாசலில் நின்று, ஸ்ரீரங்கம் எவ்வளவு தூரம் என்று கேட்டார். "எழுபது லட்சம்" என்றார் அண்ணன். கேட்டவர் பயந்துபோய், "நான் வாங்கறதுக்குக் கேக்கலீங்க, போறதுக்குத்தான் கேட்டேன்" என்றார்.

பிள்ளைகளே, அண்ணன் ஆறடி உயரம். அவருடைய வண்டி அவர் முழங்கால் உயரம். அது ஒரு பழைய வெளிநாட்டுக் குட்டி மோட்டார் சைக்கிள். சக்கரம் தோசைக்கல் அளவுதான் இருக்கும். அதில் அவர் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்துவிடும். தூரத்திலிருந்து பார்க்கும்போது வண்டி தெரியாது. ஓர் ஆள் உட்கார்ந்தபடியே சாலையில் வந்துகொண்டிருப்பார்.

இந்த வண்டிக்குக் காவிரிப் பாலத்து ஏற்றம் மட்டும் ஆகாது. அண்ணன் தனியாகப் போனால் முனகிக்கொண்டே ஏறும். பின்னால் அண்ணி உட்கார்ந்திருந்தால் அடிவாரத்திலேயே நின்றுவிடும். அண்ணிக்குப் பிறந்த வீடு ஸ்ரீரங்கம். ஆகவே ஒவ்வொரு தடவையும் அண்ணி இறங்கி நடந்து ஏறுவார். டவுன் பஸ் ஜன்னலில் சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு போவார்கள்.

அண்ணியின் தங்கைக்கு வளைகாப்பு வந்தது. அந்த வீட்டு வழக்கப்படி மூத்தவள்தான் வளையல் தட்டைக் கொண்டுவர வேண்டும். வழியில் தட்டைக் கீழே வைக்கக் கூடாது, கை மாற்றவும் கூடாது. அண்ணி பட்டறைக்கே வந்து எங்கள் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"ஏங்க, தட்டோட உங்க வண்டியிலயே வரேன். ஆனா பாலத்துல என்னை இறங்க வச்சீங்கன்னா, அன்னைக்கே வண்டி எங்க அண்ணன் கடைக்குப் போயிடணும்."

அண்ணியின் அண்ணனுக்கு ஸ்ரீரங்கத்தில் பழைய இரும்புக் கடை. அவருக்கு அந்த வண்டிமேல் ரொம்ப நாளாகக் கண்.

"சரி" என்றார் மில்லிமீட்டர் அண்ணன். ஆனால் அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டை அளக்காமல் சாப்பிட்டார். விஷயம் எவ்வளவு பெரியது என்று எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது.

மறுவாரம் லால்குடியிலிருந்து ஓர் இன்ஜின் வந்து இறங்கியது. வயலுக்குத் தண்ணீர் இறைத்து ஓய்ந்த இன்ஜின். பழைய இன்ஜினைப்போல் மூன்று மடங்கு இருந்தது. இரும்புத் தகடு வெட்டி, ஓட்டை போட்டு, சட்டத்தில் உட்கார வைத்தார். இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு நின்றது.

"அண்ணே, வண்டியில இன்ஜின் இருக்கா, இன்ஜின்ல வண்டி இருக்கா?" என்று கேட்டேன்.

"வேலையைப் பாருடா" என்றார்.

கயிற்றைச் சுண்டி இழுத்தார். இன்ஜின் பிடித்தது. அண்ணன் ஏறி உட்காருவதற்குள் வண்டி தானாகவே கிளம்பி, எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடைக்குள் போய் நின்றது. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்டார். அண்ணன் வண்டி போன தூரத்தை அளந்தார். பதினெட்டாயிரத்து நானூறு மில்லிமீட்டர்.

கோளாறு கிளட்சில் இருந்தது. ராட்டினம் சுற்றும்போது நாம் வெளிப்பக்கமாகத் தள்ளப்படுகிறோம் அல்லவா? அந்தக் கிளட்சும் அப்படித்தான். உள்ளே இரண்டு இரும்புத் துண்டுகள் சுற்றும். வேகம் கூடினால் வெளியே விரிந்து, சுற்றியுள்ள வளையத்தைப் பிடிக்கும். வண்டி நகரும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். வண்டி நிற்கும். ஆனால் பெரிய இன்ஜின் சும்மா நிற்கும்போதே வேகமாகச் சுற்றியது. சின்னக் கிளட்ச் அதைப் புறப்படச் சொன்னதாக எடுத்துக்கொண்டது.

அண்ணன் பெரிய கிளட்ச் ஒன்றைத் தானே கடைந்தார். அதற்கு லாரியிலிருந்து கழற்றிய முரட்டு ஸ்பிரிங்கைப் போட்டார்.

"இனிமே நான் சொன்னாத்தான் நகரும்" என்றார்.

உண்மைதான். முழு வேகத்துக்கு முறுக்கும்வரை வண்டி கோயில் யானை மாதிரி அசையாமல் நிற்கும். பிறகு ஒரே தாவாகத் தாவும். நடுவில் எதுவும் கிடையாது.

அண்ணியின் எடைக்குச் சரியாக மணல் மூட்டை கட்டி, பின் சீட்டில் வைத்து மூன்று தடவை பாலம் ஏறிப் பார்த்தார். மூன்று தடவையும் ஏறிவிட்டது. எல்லாவற்றையும் யோசித்த மனிதர் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. மூட்டையைக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார். அண்ணியைக் கட்டவில்லை.

வளைகாப்பு அன்று காலை கிளம்பினார்கள். வாசல் இறக்கத்தில் நாங்கள் தள்ளிவிட்டதால் முதல் தாவல் தெரியவில்லை. சாட்சிக்கு நான் சைக்கிளில் பின்னால் போனேன். அண்ணி பட்டுப்புடவையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, மடியில் தட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். தட்டு நிறையக் கண்ணாடி வளையல். பாலத்து அடிவாரத்தில் மாட்டு வண்டி ஒன்று குறுக்கே வர, அண்ணன் நிறுத்தினார். சீட்டு அவ்வளவு தாழ்வு என்பதால் அண்ணியின் கால்களும் தரையில் ஊன்றின. மாட்டு வண்டி விலகியது. அண்ணன் முறுக்கினார். இன்ஜின் அலறியது. கிளட்ச் பிடித்தது.

வண்டி போய்விட்டது. உட்கார்ந்திருந்த அண்ணி இரண்டடி தடுமாறி நிமிர்ந்தார். தட்டு அப்படியே இருந்தது.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். "அண்ணி, அடிபட்டுச்சா?"

"இல்ல தம்பி. வளையல் ஏதாச்சும் உடைஞ்சிருக்கா பாருங்க."

"ஒண்ணும் உடையல."

"அவர் எங்க?"

"பாலத்து மேல போறாரு. பேசிக்கிட்டே போறாரு."

"யார்கிட்ட?"

"உங்ககிட்டதான்."

அண்ணி பாலத்தைப் பார்த்தார். அண்ணனால் திரும்பிப் பார்க்க முடியாது. தலை திரும்பினால் முழங்கால் திரும்பும், முழங்கால் திரும்பினால் ஹேண்டில்பார் திரும்பும். ஒரு கையை மட்டும் நீட்டி, காலியான பின் சீட்டுக்குக் காவிரியைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணி நடக்கவில்லை. தட்டோடு நின்றவரைப் பார்த்து ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ் தானாகவே நின்றது.

பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று வந்தது. அதற்கு முன்பே நான் மிதித்துப் போய்ச் சேர்ந்தபோது, அண்ணன் மாமனார் வீட்டு வாசலில் குனிந்து பின் சீட்டை வெர்னியரால் அளந்துகொண்டிருந்தார். பக்கத்தில் இரும்புக்கடை மச்சான், இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

"என்ன மாப்ள, சீட்டை அளந்தா என் தங்கச்சி வந்துடுமா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "அவளுக்கு..." என்று ஆரம்பித்து, வெர்னியரால் பாலத்துப் பக்கம் காட்டினார்.

"நல்லா இருக்காங்க அண்ணே. பஸ்ல வர்றாங்க."

அண்ணன் அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். மச்சான் சிரித்தார். "பஸ்லயா? அப்ப வழியில இறங்கியாச்சு. சாவியைக் கொடுங்க மாப்ள."

அந்த வண்டிக்குச் சாவியே கிடையாது. அண்ணன் எழுந்து ஹேண்டில்பாரைப் பிடித்து, மச்சான் பக்கம் மெதுவாகத் திருப்பினார்.

அதே நேரம் தெருமுனையில் அண்ணி வந்தார். தட்டு இன்னும் கையில்தான் இருந்தது.

"வாம்மா" என்றார் மச்சான். "பாலத்துல இறங்கினியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

அண்ணி தன் கணவரைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எங்கண்ணே இறங்கினேன்?" என்றார் அண்ணி. "நான் இருந்த எடத்துலதான் இருந்தேன். வண்டிதான் முன்னால போயிடுச்சு."

"அப்ப பஸ்ல வந்தது?"

"பஸ்ல ஏறினேன். ஏறக் கூடாதுன்னு பேச்சே இல்லையே."

மச்சான் என்னைப் பார்த்தார். "நான் கண்ணால பார்த்தேங்க. அண்ணி இறங்கல" என்றேன். மச்சான் ஹேண்டில்பாரைத் திரும்ப அண்ணன் பக்கமே தள்ளினார். பிறகு பந்தி போடச் சொல்ல உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் திரும்பும்போது அண்ணி மறுபடியும் அதே வண்டியில்தான் ஏறினார். இப்போது கையில் தட்டு இல்லை. மாம்பழச் சாலையைத் தாண்டிப் பாலத்து ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது வண்டி தாவியது. அண்ணி இரண்டு கையாலும் அண்ணனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார். நான் சைக்கிளில் பின்னாலேயே போனேன். ஏற்றம் முடிந்தது, பாலமும் முடிந்தது, சத்திரம் பஸ் ஸ்டாண்டும் தாண்டியது. சமதரையில் வண்டி சாதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அண்ணி பிடியை விடவே இல்லை.