கொண்டக்டர் அண்ணை நிரப்பிய ஸ்பானிஷ் வகுப்பு

காலியாக ஓடும் பஸ்ஸைப் பார்த்து மனம் நொந்துபோகிற மனிதர் டென்மார்க் முழுவதற்கும் ஒருவர்தான். அவர் எங்கள் ஹேர்னிங் நகரத்துக் கொண்டக்டர் அண்ணை.

தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். இங்கே யாருக்கும் அது தெரியாது. யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறை பஸ்ஸில் கொஞ்சக் காலம் கொண்டக்டராக இருந்தவர். பிறகு இங்கே வந்து, என்னோடு ஜன்னல் தொழிற்சாலையில் கண்ணாடி பொருத்துகிறார். நாடு மாறியது, தொழில் மாறியது, அவருடைய வலது கை மட்டும் மாறவில்லை. நாலு பேர் சேர்ந்து நின்றால் அது தானாக எழும்பும்.

"உள்ளுக்கு போங்கோ, உள்ளுக்கு போங்கோ. பின்னால இடம் கிடக்கு."

கோயிலில் அன்னதான வரிசையையும், செத்தவீட்டில் நிற்கும் சனத்தையும் இப்படித்தான் நகர்த்துவார். ஒருமுறை ஆஸ்பத்திரியில் குழந்தை பார்க்கப் போனபோது, லிஃப்டுக்குள் சனத்தை அடுக்கினார். அதற்குள் தள்ளுகட்டிலில் கிடந்த நோயாளியின் கால்மாட்டிலும் ஒருவரை இருத்தினார். லிஃப்ட் அலறியது. டேனிஷ் டொக்டர் ஒருவர் சத்தமில்லாமல் இறங்கிப் படியேறிப் போனார்.

"பாத்தியே தம்பி, அவருக்கு அவசரமில்லை," என்றார் அண்ணை.

அவர் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு கூசும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆட்கள் முன்னால் பெயர் சொல்லச் சொன்னாலே வியர்க்கும். பிள்ளையின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால், மனைவியை உள்ளே அனுப்பிவிட்டுக் காருக்குள் இருந்த தகப்பன் நான்தான்.

அந்தப் பிள்ளை, என் மகள் ஆரணி, போன வருடம் தன்னோடு வேலை செய்யும் பாப்லோ என்ற ஸ்பெயின் பையனைக் கட்டப்போவதாகச் சொன்னாள். நல்ல பிள்ளை. பிரச்சினை அவனில்லை. டேனிஷ் கல்யாண விருந்தில் பெண்ணின் தகப்பன் எழுந்து பேசவேண்டும். தாலி கட்டுவது போல, விடமுடியாத வழக்கம் அது. எங்களுக்கு எப்போதும் டேனிஷிலேயே பதில் சொல்லும் ஆரணி, அன்றும் டேனிஷில், மெதுவாகச் சொன்னாள். "அப்பா, நீங்கள் பேசத் தேவையில்லை. சித்தப்பா பேசட்டும்."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். எனக்கோ முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

பாப்லோவின் தாய் தகப்பனுக்கு ஸ்பானிஷைத் தவிர எதுவும் வராது. அவர்களுக்கு என் வாயால் சில வசனமாவது சொல்லிவிடவேண்டும் என்று ஒரு பிடிவாதம் வந்தது. வீட்டில் மூச்சு விடாமல், மாலைநேரக் கல்லூரியில் ஸ்பானிஷ் வகுப்புக்குப் பெயர் கொடுத்தேன். சில நாட்களில் அங்கிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. ஆட்கள் போதாதாம், வகுப்பு நடக்காமல் போகலாமாம். எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

தேநீர் இடைவேளையில் அதைக் கொண்டக்டர் அண்ணையிடம் சொல்லித் தொலைத்தேன்.

"ஆள் காணாதெண்டு நிப்பாட்டுறதோ? இதென்ன பள்ளிக்கூடம்?"

"விடுங்கோ அண்ணை. போகட்டும்."

"நீ பேசாமல் இரு. சீற் நிரப்பிறது என்ர தொழில்."

சனிக்கிழமை தமிழ்க்கடை வாசலில் நின்றுகொண்டார். "ஸ்பானிஷ், ஸ்பானிஷ், ஸ்பானிஷ். புதன் பின்னேரம். இருந்து போகலாம்." தேங்காய் வாங்க வந்த கோயில் ஐயர் அகப்பட்டார்.

"எனக்கேன் ஸ்பானிஷ்?" என்றார் ஐயர்.

"ஐயா, எங்கட சனம் முழுக்க லீவுக்கு ஸ்பெயினுக்குத்தான் ஓடுது. நாளைக்கு அங்கையொரு பிள்ளையாரை வைச்சால் பூசைக்கு ஆர் போறது?"

ஐயர் ஒரு நிமிடம் யோசித்தார். அவர் செய்த பிழை அதுதான். புதன்கிழமை ஐயரும், பக்கத்து ஊரான ஹொல்ஸ்டெப்ரோவிலிருந்து இழுத்து வரப்பட்ட அண்ணையின் மச்சானும், அண்ணையும் வகுப்பில் இருந்தார்கள். வகுப்பு நிரம்பிவிட்டது.

டேனிஷ்காரர் ஆளுக்கு ஒரு கதிரை இடைவெளி விட்டு, பெரிய அறை முழுவதும் பரவி இருந்தார்கள். கொண்டக்டர் அண்ணைக்கு அது பொறுக்கவில்லை. டேனிஷில் "உள்ளுக்கு, உள்ளுக்கு" என்று சொல்லிச் சொல்லி எல்லோரையும் முன்வரிசைக்கு நகர்த்தினார். ஓய்வுபெற்ற பல் வைத்தியர் ஒருவரும் ஐயரும் தோளோடு தோள் முட்ட இருந்தார்கள். நான் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டேன். பெரு நாட்டுக்காரியான பிலார் ரீச்சர் உள்ளே வந்து, இந்த நாட்டில் சனம் இப்படி நெருங்கி இருப்பதை இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னார்.

படிப்பில் அண்ணை மகா மோசம். அவர் பிடித்துக்கொண்டது 'ஸி' என்ற ஒரு சொல்தான். ஓம் என்று அர்த்தம். "உங்கள் பெயர் என்ன?" "ஸி." "எங்கே வசிக்கிறீர்கள்?" "ஸி." நான் பலகையில் உள்ளதை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் மற்றவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் அண்ணைக்கு அடுத்த கதிரையில் இருந்ததால் என்னை யாரும் கவனிக்கவில்லை.

ஒரு புதன்கிழமை ரீச்சர் லீமா நகரத்து வாழ்க்கையைப் பற்றிச் சொன்னார். அங்கே மினிபஸ் வாசலில் ஒருவர் தொங்கிக்கொண்டு, போகும் இடங்களைக் கூவி ஆள் ஏற்றுவாராம். கொண்டக்டர் அண்ணை எழுந்து நின்றுவிட்டார். கண் கலங்கியிருந்தது. கதவடிக்குப் போய், ஒரு கையால் நிலையைப் பிடித்து உடம்பை வெளியே சரித்து, "நெல்லியடி, பருத்தித்துறை, பருத்தித்துறை" என்று கூவினார். ரீச்சரும் விடவில்லை, லீமாவின் தெருப் பெயர்களைக் கூவினார். பக்கத்து அறையில் யோகாசனம் செய்துகொண்டிருந்தவர்கள் பாயும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் அண்ணை என் முதுகில் கை வைத்து, டேனிஷில் சபைக்கு அறிவித்தார். "ரீச்சர், முதல் இறங்கிற ஆள் இவர்தான். மகளுக்குக் கலியாணம். பேச்சுப் பேசவேணும். இவரை முன்னால விடுங்கோ."

என் ரகசியம் அப்படித்தான் சந்திக்கு வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் வகுப்பு முழுவதும் என் பேச்சைத்தான் பழகியது. பல் வைத்தியர்கூட என் மகளைப் பற்றி மனப்பாடமாகச் சொல்வார்.

ஸ்பெயினில் சம்பந்திகள் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு வரவேற்பார்கள் என்று ரீச்சர் சொன்ன அன்று ஐயர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். எனக்குக் காது கொதித்தது.

"சம்பந்தியம்மா எனக்கோ, அண்ணை?"

"அது ரிக்கெற் மாதிரி தம்பி. எடுக்காமல் ஏறேலாது."

கல்யாண நாள் வந்தது. பாப்லோவின் உறவுகள், டேனிஷ் நண்பர்கள், எங்கள் பெரியவர்கள் என்று மண்டபம் நிறைந்திருந்தது. பேச்சுகளை ஒழுங்குபடுத்துபவர் சித்தப்பாவின் பெயரைச் சொல்லுமுன் நான் எழுந்துவிட்டேன். ஆரணி திடுக்கிட்டுத் தன் தட்டைக் குனிந்து பார்த்தாள். அந்தக் குனிவோடு, இத்தனை மாதம் பழகிய ஒவ்வொரு சொல்லும் எனக்குள் அணைந்துபோயிற்று. வாய் திறந்தபடி நின்றேன். யாரோ இருமினார்கள்.

யாழ்ப்பாணத்தில் பஸ்ஸை எடுக்கலாம் என்பதற்குக் கொண்டக்டர் பக்கத் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவார். பின் மேசையிலிருந்து கொண்டக்டர் அண்ணை எனக்கு அந்தச் சைகையைக் கொடுத்தார். மேசையில், உள்ளங்கையால், பலமாக இரண்டு தட்டு. தட்டுகளும் கரண்டிகளும் துள்ளின.

டேனிஷ் விருந்தில் தட்டுகள் அப்படிக் கிலுங்கினால் அதற்கு வேறு அர்த்தம். மாப்பிள்ளையும் பெண்ணும் கதிரையில் ஏறி நின்று முத்தமிடவேண்டும். டேனிஷ் நண்பர்கள் உடனே கரண்டிகளால் தட்டுகளில் அடிக்கத் தொடங்கினார்கள். மண்டபமே அதிர்ந்தது. நான் வாயைத் திறந்து நின்ற இடத்திலேயே, என் மகள் என் பக்கத்துக் கதிரையில் ஏறி, எங்கள் அவ்வளவு பெரியவர்கள் முன்னிலையிலும், ஐயர் முன்னிலையிலும், பாப்லோவுக்கு நீண்ட முத்தம் கொடுத்தாள். ஐயர் கூரையைப் பார்த்தார். கொண்டக்டர் அண்ணை தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மனிதனுக்கு இதற்கு மேல் வெட்கப்பட இடமில்லை. அந்த எல்லையில் பயம் கழன்றுவிட்டது. சிரிப்பு அடங்கியதும் ஸ்பானிஷ் வந்தது. "நான் அதிகம் படிக்காதவன். உங்களோடு பேசுவதற்காகத் திரும்பவும் பள்ளிக்கூடம் போனேன். என் மகளை உங்கள் மகளாகப் பாருங்கள். உங்கள் மகன் எங்கள் வீட்டில் பசியோடு இருக்கமாட்டான்."

சம்பந்தியம்மா மேசையைச் சுற்றி ஓடிவந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். ஆரணி கதிரையிலிருந்து இறங்கி, தமிழில் கேட்டாள். "அப்பா, எப்ப படிச்சனீங்கள்?"

அடுத்த நாள் மண்டபத்தைத் துப்புரவாக்கிவிட்டு, கொண்டக்டர் அண்ணையை வீட்டில் விடக் காரில் கூட்டிப் போனேன். வழியெல்லாம் மேசையைத் தட்டியதற்கு வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார். பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டேன்.

"அண்ணை, உங்களுக்கு ஸ்பானிஷ் எதுக்கு?"

"எனக்கேன் தம்பி அது?"

"அப்ப ஏன் ஒவ்வொரு புதனும் வந்தனீங்கள்?"

"நீ தனியப் போயிருப்பியே?"

போயிருக்க மாட்டேன். அதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.